கேபிள்தானே, எதுவா இருந்தா என்ன?

கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடை. லைன் செக் எல்லாம் ஒழுங்காக முடிந்தாயிற்று. ட்ரம்ஸுக்கு ஏழெட்டு மைக், கீபோர்டு, கிடார், பேஸ், தபேலா, பாடுபவர்கள் நாலு பேர் என்று அத்தனையும் மேடை ஓரத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் போகின்றன. அந்தப் பெட்டியிலிருந்து கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மிக்ஸருக்கு வருவது ஒரே ஒரு ஒயர். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத நெட்வொர்க் ஒயர். மூன்றாவது பாட்டு, பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் நேரம்... "டப்" என்று ஒரு சத்தம். அப்புறம் நிசப்தம். மேடையில் எல்லோரும் வாயசைக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சில விநாடிகளில் எல்லாம் தானாகத் திரும்பி வருகிறது. அதற்குள் கூட்டம் ஊளையிட ஆரம்பித்துவிட்டது.

"என்னண்ணே ஆச்சு?"

"தெரியல தம்பி. மிக்ஸர்ல ஏதோ சாஃப்ட்வேர் கோளாறு போல..."

பாவம் அந்த மிக்ஸர். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கப்பட்டு, தான் செய்யாத குற்றத்துக்குத் திட்டும் வாங்குகிறது. இந்த மாதிரி நேரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தரையில் கிடக்கும் அந்த ஒயரை. கடைசி வரைக்கும் யாரும் சந்தேகப்படாததும் அதைத்தான். ஏனென்றால் அது "கேபிள்தானே"!

இந்த "தானே"வில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது.

பழைய அனலாக் மல்டிகோர் ஸ்னேக்கைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு டிஜிட்டல் ஸ்னேக்கின் அருமை தெரியும். 32 சேனல், 50 மீட்டர் என்றால் அந்த மலைப்பாம்பை உருட்டி வண்டியில் ஏற்ற ரெண்டு மூன்று ஆள் வேண்டும். அதன் இடத்தில் ஒரே கையில் தூக்கிப் போகிற ஒரு சுருள் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் மலைப்பாம்புக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி ஒயர் அறுந்தால் ஒரு மைக்தான் போகும். தபேலா மைக் போய்விட்டதா, பக்கத்து சேனலில் மாற்றிச் சொருகிவிட்டுக் கச்சேரியை நடத்திவிடலாம். டிஜிட்டல் ஸ்னேக்கில் அந்தக் கருணை கிடையாது. போனால் அத்தனையும் போகும், ஒரே நொடியில். பாடகர் காதுக்கு மானிட்டர் மிக்ஸ் திரும்பிப் போவதும் அதே ஒயரில்தான். ஆக, முன்பு 32 ஜோடிகளில் பிரிந்து கிடந்த ஆபத்தை எல்லாம் ஒன்றாகத் திரட்டி ஒரே கம்பியில் ஏற்றி வைத்தாயிற்று. அதை வாங்கும்போது மட்டும் தெருமுனை கம்ப்யூட்டர் கடையில் "ஒரு பெட்டி நெட்வொர்க் கேபிள் குடுங்க" என்று கேட்டு வாங்குவது என்ன நியாயம்?

சரி, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? நம்பரைப் பார்க்கிறார்கள். கேட்-5ஈயை விட கேட்-6 ஒசத்தி, அதை விட கேட்-6ஏ ஒசத்தி, கேட்-7 என்றால் இன்னும் ஒசத்தி! பரீட்சை மார்க் மாதிரி. கடைக்காரருக்கும் சந்தோஷம், விலையும் படிப்படியாக ஏறுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 48 சேனல், ஒவ்வொன்றும் 24 பிட், விநாடிக்கு 48,000 மாதிரிகள். பெருக்கினால் சுமார் 55 மெகாபிட் வரும். இதை ஏற்றிச் செல்ல 100 மெகாபிட் ஈதர்நெட் போதும். அந்த 100 மெகாபிட் சிக்னல் கம்பியில் ஓடும்போது அதன் அடிப்படை அதிர்வெண் அதிகபட்சம் 31.25 மெகாஹெர்ட்ஸ். கேட்-5ஈ எதற்குச் சோதிக்கப்படுகிறது? 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். இதற்கு மேல் 250, 500, 600 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் கச்சேரியில் என்ன கூடுதலாகக் கேட்கும்? ஒன்றும் கேட்காது. பிட் ஒழுங்காக வந்து சேர்ந்தால் வந்ததுதான், அதில் "இன்னும் தெளிவான" பிட் என்று ஒன்று இல்லை. இந்த கேட்-7 விஷயம் இன்னும் வேடிக்கை. அது ஐஎஸ்ஓ தரத்தில் உள்ள ஒரு வகை. அதற்கென்று வரையறுத்த முனைகளே வேறு. அமெரிக்க டிஐஏ தரம் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அதில் சாதாரண ஆர்ஜே45 முனையை மாட்டி விட்டால் அது கேட்-7 இணைப்பு ஆவதில்லை, கேட்-7 விலை மட்டும் ஆகிறது :-)

அப்படியானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? முதல் கேள்வி கேபிளைப் பற்றியதே அல்ல. அந்த ஒயரில் என்ன மொழி பேசப்போகிறார்கள் என்பதுதான். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சதுர ஓட்டைதான், உள்ளே நடப்பது வேறு வேறு.

நம்மூர் மண்டபங்களிலும் சர்ச்சுகளிலும் நிறையத் தென்படும் எக்ஸ்32 வகையறாவை எடுத்துக்கொள்ளலாம். 2012-ல் பெரிங்கர் கொண்டு வந்தது. அதுவும் அதன் அண்ணன் மைடாஸ் எம்32-வும் ஸ்டேஜ் பாக்ஸோடு பேசுவது ஏஇஎஸ்50 என்ற முறையில். 2005-ல் தரமாக வெளியானது. இதற்கு ஈதர்நெட்டின் உடம்பு இருக்கிறது, உயிர் வேறு. நாலு ஜோடியில் ரெண்டு ஜோடி ஒலித் தரவுக்கு, மற்ற ரெண்டு ஜோடி கடிகாரத் துடிப்புக்கு. மேடைப் பெட்டியும் மிக்ஸரும் ஒரே தாளத்தில் ஓடுவதற்கான துடிப்பு அது. சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச்சை நடுவில் வைத்தால் வேலை செய்யாது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராகப் போக வேண்டும். தயாரிப்பாளர் சொல்வதும் தெளிவாகவே இருக்கிறது: ஷீல்டு உள்ள கேட்-5ஈ, இரு முனையிலும் ஈதர்கான், நீளம் அதிகபட்சம் 80 மீட்டர். கவனிக்க, கேட்-5ஈ! பக்கத்துக் கடையில் "அதெல்லாம் பழசு சார்" என்று ஒதுக்கப்படும் அதே கேட்-5ஈ.

இன்னொரு பக்கம் டான்டே. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனத்துடையது. யமஹாவின் சிஎல், க்யூஎல் மிக்ஸர்களில் எல்லாம் இருப்பது. இது உண்மையான நெட்வொர்க். ஸ்விட்ச் வழியே போகும், கிகாபிட்டில் ஓடும், ஒரு இணைப்புக்கு 100 மீட்டர் வரை, ஷீல்டு இல்லாத நல்ல கேட்-5ஈ அல்லது கேட்-6 போதும். இங்கே தொல்லை வருவது பெரும்பாலும் ஸ்விட்ச்சிலிருந்து. மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று போர்ட்டைத் தூங்க வைக்கும் வசதி இருக்கிறதே, அதை அணைக்காமல் விட்டால் ஒலி விட்டு விட்டு வரும்.

ஆக, ஒன்றுக்கு ஷீல்டு கட்டாயம், இன்னொன்றுக்கு அவசியமில்லை. ஒன்றில் 80 மீட்டர், இன்னொன்றில் 100. இது தெரியாமல் "நல்ல கேபிள் எது" என்று கேட்பது, வண்டி பெட்ரோலா டீசலா என்று சொல்லாமலே "நல்ல எண்ணெய் எது" என்று பங்க்கில் கேட்பது மாதிரி.

இந்த இடத்தில் தவறாமல் ஒருவர் எழுந்து, "அட, இதே ஒயர்ல எங்க ஆபீஸ்ல இன்டர்நெட் பறக்குதுங்க" என்பார். பறக்கும். ஏன் பறக்காது? இணையத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது. வீடியோ பார்ப்பவருக்கு முன்கூட்டியே பல விநாடிகள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நூறு பாக்கெட் தொலைந்து திரும்பி வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. மேடை ஒலியில் அந்த ஆடம்பரம் கிடையாது. பாடுபவர் வாய் திறந்ததும் அவர் காதில் கேட்க வேண்டும், ஓரிரு மில்லி விநாடிக்குள். தொலைந்ததைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் காத்திருந்தால் பாட்டு அடுத்த அடிக்குப் போயிருக்கும். அதனால் தொலைந்தது தொலைந்ததுதான். ஆபீஸில் ஒரு கேபிள் தினமும் ஆயிரம் தப்பு செய்துகொண்டே நல்ல பெயரோடு வாழலாம். மேடையில் அதே கேபிள் ஒரு ராத்திரி தாங்காது.

ஷீல்டு எதற்கு என்பதையும் பார்த்துவிடலாம். ஏசி அரங்கம், செயற்கை நூல் கார்ப்பெட். ஒருவர் செருப்பைத் தேய்த்து நடந்து வந்து ஸ்டேஜ் பாக்ஸையோ மைக் ஸ்டாண்டையோ தொடுகிறார். சின்னதாக ஒரு பொறி, சுருக்கென்று ஒரு குத்து. மனிதருக்கு அவ்வளவுதான். ஏஇஎஸ்50 ஒயரில் ஓடும் கடிகாரத் துடிப்புக்கு அது பூகம்பம். தாளம் தவறி, இணைப்பு விட்டு, மறுபடி ஒட்டிக்கொள்ளும். முதல் பத்தியில் கேட்ட "டப்" இதுவாக இருக்கலாம். ஷீல்டின் வேலை அந்தப் பொறியின் மின்னோட்டத்தை உள்ளே விடாமல் வெளித்தோல் வழியாகவே பெட்டியின் உடம்புக்குக் கடத்துவது. அதற்கு ஷீல்டு இரு முனையிலும் உலோக முனையைத் தொட்டு, அது ஈதர்கான் கூட்டைத் தொட்டு, அது மிக்ஸரின் உடம்பைத் தொட வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. நடப்பது என்ன? நல்ல ஷீல்டு கேபிளை வாங்கி, அதன் நுனியில் பிளாஸ்டிக் ஆர்ஜே45-ஐ மாட்டி, "தொந்தரவா இருக்கு" என்று அந்த அலுமினியத் தாளையும் வடிகம்பியையும் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். சுவரில் பதிக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டிலும் இதே கதை. பணம் கொடுத்து வாங்கிய கவசம் எங்கேயும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது.

ஷீல்டு போட்டால் மேடை எர்த்தும் மிக்ஸர் எர்த்தும் ஒன்றாகிவிடுமே என்ற எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. மேடை ஜெனரேட்டரில், மிக்ஸர் மண்டபத்து ஈபி லைனில் என்றால் ரெண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் ஷீல்டு வழியே ஓடும். அதற்கு மருந்து ஷீல்டை வெட்டுவது அல்ல. மிக்ஸருக்கும் மேடை இருக்கும் அதே இடத்திலிருந்து கரண்ட் இழுப்பதுதான்.

அடுத்து, கேபிள் சந்தையின் பெரிய பித்தலாட்டம்: சிசிஏ. அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிர முலாம். பார்க்கத் தாமிரம், பெட்டியைத் தூக்கினால் தக்கை, விலை மலிவு. கேட்-5ஈ, கேட்-6 என்று வரையறுக்கும் தரங்கள் எல்லாம் கம்பி தாமிரமாக இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் "சிசிஏ கேட்-6" என்று ஒரு பொருள் தர்க்கப்படியே இருக்க முடியாது. ஆனாலும் 305 மீட்டர் பெட்டியில் ஜோராக விற்கிறது. அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நீளம் கூடக் கூட சிக்னல் தேய்கிறது. அதைவிட மோசம், நாலு தரம் மடக்கினால் உள்ளே முறிகிறது. வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே ஒடிந்திருக்கும், நேராக இருந்தால் ஓடும், கால் பட்டால் நின்றுவிடும். கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு பிளேடு போதும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கடையிலேயே சுரண்டிப் பார்க்கலாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

தாமிரம் வாங்கியாயிற்று, ஷீல்டும் உண்டு. இப்போது முனை மாட்டுகிறவர் கையில் இருக்கிறது மிச்சம். ஈசிஈ படிப்பவர்கள் டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தில் படித்ததெல்லாம் இங்கேதான் உயிரோடு வரும். கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கி வைத்திருப்பது அழகுக்கு அல்ல. போகிறது ஒன்றும் வருகிறது ஒன்றும் பின்னிக்கொண்டு போனால்தான் வெளிச்சத்தம் ரெண்டிலும் ஒரே அளவு விழுந்து கழிந்துபோகும். அதனால் முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. ரெண்டு அங்குலம் பிரித்து, சீப்பு மாதிரி சீவி, நேராக்கி மாட்டுவதுதான் பலருடைய வழக்கம். இன்னும் சிலர் ஜோடிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரிதானே, என்ன தப்பு? தப்பு பெரிசு. சரியான ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. வரிசையாக வைத்தால் 3-ம் 6-ம் வெவ்வேறு ஜோடிகளில் ஆளுக்கொரு பக்கமாகப் போகும். முறுக்கினால் கிடைக்க வேண்டிய பலன் பூஜ்யம்.

கொடுமை என்னவென்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த விளக்கு எரியும் டெஸ்டரில் இந்தக் கேபிள் பாஸ் ஆகிவிடும்! ஒன்று, ரெண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சையாக எரியும். அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கம்பி போகிறதா என்பது மட்டும்தான். எந்தக் கம்பி எதோடு பின்னியிருக்கிறது, சிக்னல் எவ்வளவு தேய்கிறது, பக்கத்து ஜோடிக்கு எவ்வளவு கசிகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. "எட்டு லைட்டும் எரிஞ்சுது சார்" என்பதை நம்பிச் சுவரைப் பூசிவிட்ட மண்டபங்களின் கதி என்ன? நிரந்தர அமைப்புக்கு உண்மையான சான்றுக் கருவி வைத்து அளந்து, ஒவ்வொரு ஒயருக்கும் அளவீட்டுத் தாள் வாங்காமல் பில் பாஸ் செய்வது கமிட்டியின் தவறு. வாடகைக்கு எடுத்தாலும் கருவி கிடைக்கும்.

கம்பி ஒற்றையா, இழைகளா என்பதும் உண்டு. சுவருக்குள் ஒரு தரம் போட்டு விட்டுவிடும் இடத்தில் ஒற்றைக் கம்பி. இழப்பு குறைவு, நீளம் போகும். தினம் சுருட்டி, விரித்து, மேடையில் மிதிபடும் இடத்தில் பல இழைக் கம்பி. அது வளையும், ஆனால் இழப்பு கொஞ்சம் அதிகம், அதனால் நீளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டுக்கும் முனையின் உள்ளே குத்தும் பற்களின் வடிவமே வேறு. மாற்றி மாட்டினால் இன்றைக்குப் பிடிக்கும், ஆறு மாதத்தில் தளரும். மேடை ஓரத்தில் வெறும் ஆர்ஜே45-ஐச் சொருகி, அதன் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டி வைத்திருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈதர்கான் கூடு மைக் முனை மாதிரி "க்ளிக்" என்று பூட்டும். ஆனால் டேப் சுருள் அதைவிட மலிவாயிற்றே!

நீளம் பற்றிய ஏமாற்றம் கட்டிடங்களில்தான் அதிகம். மேடைக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவே டேப் பிடித்தால் 40 மீட்டர். 80-க்குள்தான், பிரச்சினை இல்லை என்று முடிவாகும். ஒயர் நேராகவா போகிறது? மேடையிலிருந்து 8 மீட்டர் மேலே ஏறி, பக்கச் சுவருக்குப் போய், ஃபால்ஸ் சீலிங் மேல் ஓடி, பால்கனியைச் சுற்றி, திரும்ப இறங்கி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று பத்து மீட்டர் சுருட்டி வைத்து... 85 ஆகிவிடும். போதாக்குறைக்கு வழியில் லைட் டிம்மருக்குப் போகும் கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில். தனிப் பைப் வேண்டும், குறுக்கே வெட்டுகிற இடத்தில் செங்குத்தாக வெட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் வேலை ஆரம்பிக்கும் முன் சொன்னால் செய்துவிடுவார். பூசிய பிறகு சொன்னால் சிரிப்பார்.

பெரிய நம்பர் கட்சிக்கு ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். சுவரைத் திறப்பது செலவான வேலை. மிக்ஸர் மாறும், ஒயர் இருக்கும். அதனால் புதுக் கட்டிடத்தில் டான்டே மாதிரியான நெட்வொர்க்குக்காக கேட்-6 அல்லது கேட்-6ஏ இழுத்து வைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தடிமனான கம்பிக்கு உரிய முனையும், அதை மாட்டத் தெரிந்த கையும் வேண்டும். கேட்-5ஈ முனைக்குள் கேட்-6 கம்பியைத் திணித்து நசுக்கினால், நல்ல கேட்-5ஈயை விட மோசமான ஒரு கேட்-6 கிடைக்கும். எதிர்காலம் பற்றி நிஜமாகவே கவலை இருந்தால் பெரிய பைப் போட்டு உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வைப்பது எந்த நம்பரையும் விட உத்தமம். நூறு மீட்டருக்கு மேல் என்றால் தாமிரத்தோடு மல்லுக்கட்டாமல் ஃபைபர்தான். அதில் எர்த் தகராறும் கிடையாது, இடி மின்னல் பயமும் கிடையாது.

ஒலி அமைப்புக்கான கொட்டேஷன்களை வாங்கிப் பாருங்கள். மிக்ஸருக்கு மாடல் நம்பர், ஸ்பீக்கருக்கு மாடல் நம்பர், மைக் ஸ்டாண்டுக்குக்கூட மாடல் நம்பர் இருக்கும். கடைசிப் பக்கத்தில், ஆணி, க்ளிப், டேப் எல்லாம் வருகிற இடத்தில் "நெட்வொர்க் கேபிள் – 1 பெட்டி" என்று ஒரு வரி. ஏஇஎஸ்50 மிக்ஸர் வைக்கப்போகும் மண்டபம் என்றால் அந்த வரி இப்படி இருக்க வேண்டும்: முழுத் தாமிரக் கேட்-5ஈ, ஷீல்டு உள்ளது, ஒற்றைக் கம்பி, ஓடும் வழியை அளந்து 70 மீட்டருக்குள், நடுவில் இணைப்பு இல்லாமல், இரு முனையிலும் ஷீல்டு கூட்டோடு சேர்ந்த ஈதர்கான், கரண்ட் ஒயர் இல்லாத தனிப் பைப்பில் 2 ஒயர், வேறு பக்கச் சுவர் வழியாக உபரியாக இன்னொன்று, மூன்றுக்கும் அளவீட்டுத் தாள்.